முத்துக்கென்று வளர்த்த கை

"அவ கையில இன்னாத்தைக் குடுத்தே?"

"மாங்கா, அக்கா."

"வெறும் மாங்காவா? உப்பு, மொளகாப்பொடி எல்லாம் கீதே."

"அது இல்லாம மாங்காயை எப்பிடித் தின்றது?"

"நீ தின்னு. யாரு வோணாம்னது? உன் கை பேனா புடிக்கிற கை. ஏ குணா, கையைத் தொற. காட்டுடி. பாரு, நெகக்கண்ணு வரைக்கும் புளிப்பு ஏறிகினு கீது."

அங்கம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பயத்தமாவு போட்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள். துடைத்த பிறகு பத்து விரலையும் தனித்தனியாக மோந்து பார்த்தாள்.

"ஒரு துண்டு மாங்காய்தானே அக்கா?"

"ஒரு துண்டு போதும் பாப்பா. முத்து மேல புளிப்பு பட்டா வெந்து பூடும். சுண்ணாம்பு மாதிரி பூத்துப் பூடும். அப்பால அத்தத் தேச்சாலும் வராது, அழுதாலும் வராது."

"குணா இப்பவா முத்தைத் தொடப் போறா?"

"இப்பத் தொட மாட்டா. தொடச் சொல்ற அன்னிக்குத் தொடுவா. அது வரைக்கும் கை கையா இருக்கணுமில்ல?"

கடலிலிருந்து திரும்பி உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் தேசப்பன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "கையைக் கழட்டி பொட்டில வெச்சுப் பூட்டிடு. பொண்ணு சொம்மா சுத்தட்டும்."

"யோவ், உன்னை யாரு கேட்டா? படு நீ."

குணா அழவில்லை. கழுவிய கைகளை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்: "எம்மா, வாயில வெச்சா பரவால்லையா?"

"வாய்க்கு இன்னா கேடு? தின்னு."

அதனால் மீதி மாங்காயை நான் ஊட்டினேன். அவள் கைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள். எங்கள் இருவருக்கும் அப்போது பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு புளி, நெல்லிக்காய், ஊறுகாய் எதுவானாலும் குணசுந்தரி என் கையிலிருந்துதான் தின்றாள்.

அது 1927ஆம் வருஷத்துக் கோடை. என் அப்பா வேதமாணிக்கம் ராயபுரம் ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா. கல்மண்டபத்துக்குக் கிழக்கே எங்கள் வீடு. எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி மீனவர் தெரு தொடங்குகிறது. அதில் முதல் வீடு அங்கம்மாவுடையது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்தேன். குணா பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுக்கு வேறொரு இடம் ஏற்பாடாகி இருந்தது. அந்த இடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மவுண்ட் ரோட்டில் சுயம்பு அண்ட் சன்ஸ் என்ற நகைக் கடையைப் பார்க்காதவர்கள் இந்தப் பட்டணத்தில் குறைவு. வாசலில் தலைப்பாகை கட்டிய சேவகன், இரண்டு ஆள் உயரக் கண்ணாடி, உள்ளே மின்சார விசிறி. அந்தக் கடையை ஆரம்பித்த சுயம்பு, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர். பெட்டியில் முத்து இருந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி வெள்ளைக்காரப் பெண்களுக்கு மாலையாகக் கோத்து விற்பார். அப்போது அவருக்குக் கடை இல்லை. கல்மண்டபத்தில் ஓர் அறை வாடகைக்கு இருந்தது.

1912இல் துறைமுக எஞ்சினீயர் ஒருவரின் மனைவி அவரிடம் வாங்கிய மாலையை அணிந்துகொண்டு ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தாள். நூல் அறுந்தது. முத்துக்கள் நடைமேடையில் ஓடித் தண்டவாளத்துக் கற்களுக்குள் விழுந்தன. என் அப்பா அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தார். அவரும் குனிந்து பொறுக்கினாராம். பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் அத்தனை பேர் முன்னிலையில் சுயம்புவை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் திரும்பி நடந்து வந்த வழியில் அங்கம்மா தெருவில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிது. அவள் அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் வலை வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்தத் தெருவில் அவளைப் போல முடிச்சுப் போடும் ஆம்பிளை கிடையாது. சுயம்பு நின்று பார்த்தார். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி அவிழ்வதில்லை என்பது அவர் கண்ணில் பட்டது.

அந்தச் சந்திப்பை அங்கம்மா பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"'ஏம்மா, இந்த முடிச்சைப் பட்டு நூல்ல போட முடியுமா'ன்னாரு. 'நீ மீனு வாங்க வந்தியா, வலை வாங்க வந்தியா'ன்னேன். 'ரெண்டுமில்ல, முத்து சிதறாம கெட்டணும்'னாரு. நான் முத்தைப் பாத்ததே இல்ல பாப்பா. கையில வெச்சாரு. இத்தப் போயி மீனு முட்டைன்னு நெனச்சிட்டேன்."

ஒரு முத்து, ஒரு முடிச்சு, மறுபடி ஒரு முத்து. முடிச்சு முத்தின் துளையை ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் முத்து ஆடி நூலை அறுக்கும். இறுக்கினால் மாலை குச்சி போல விறைத்து நிற்கும். கண்ணியின் அளவைப் பார்க்க வலைக்காரர்கள் வைத்திருக்கும் மூங்கில் சில்லைச் சீவி ஊசிமுனையாக்கி, அதால் முடிச்சைத் தள்ளிக்கொண்டுபோய் முத்தோடு சேர்க்கும் வழியை அங்கம்மாவே கண்டுபிடித்தாள். மூன்று நாளில் முதல் மாலை தயாரானது.

சுயம்பு அதை எஞ்சினீயர் பங்களாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாளின் முன்னாலேயே கத்தரிக்கோலால் மாலையின் நடுவில் வெட்டினார். ஒரே ஒரு முத்து உருண்டது. மற்றவை நூலிலேயே நின்றன.

கடையின் சரித்திரம் அந்தக் கத்தரிக்கோலில் இருந்து தொடங்குகிறது. கல்மண்டபத்தில் ஒற்றைக் கதவுக் கடை, ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு சைனா பஜாரில் மாடிக் கடை, ஜமீன்தார் வீட்டுக் கல்யாணங்கள், கடைசியில் மவுண்ட் ரோடு. எல்லா இடத்திலும் புதிய வாடிக்கைக்காரர் வந்தால் சுயம்பு மாலையை வெட்டிக் காட்டுவார். அவர்கள் கை தட்டுவார்கள். வெட்டிய மாலை மறுநாள் காலை அங்கம்மாவிடம் வரும். எல்லா முடிச்சையும் அவிழ்த்துப் புது நூலில் அவள் முதலிலிருந்து கட்டுவாள்.

"அவரு ஒரு தபா வெட்டுவாரு. நான் நூத்திப்பத்துத் தபா கட்டுவேன். கைதட்டு மட்டும் அங்கியே நின்னுடும்" என்பாள்.

முதல் மாலை கட்டியபோதே சுயம்பு அவளுக்கு நிபந்தனைகள் விதித்தார். மீனைத் தொடக்கூடாது. புளி, எலுமிச்சை, காடி தொடக்கூடாது. கடல் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. வாங்குகிற அம்மாக்கள் மாலையை முதலில் மூக்கருகே கொண்டுபோவார்கள் என்றார். மாசம் ஒரு வாசனை சோப்பு அனுப்பினார். கடைக்கு வரும்போது பின்வாசல் வழியாக வர வேண்டும், எந்தத் தெரு என்று யார் கேட்டாலும் ராயபுரம் என்று சொன்னால் போதும் என்றார். அங்கம்மா எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள்.

மீனவர் தெருவில் மீன் தொடாத பொம்பிளை என்றால் அது சின்ன விஷயமில்லை. புருஷன் கொண்டுவந்த மீனைக் கூடையில் ஏற்றி விற்பது அவளுடைய வேலை. தேசப்பனின் மீனை அவன் தங்கை விற்றாள். குழம்புக்கு மீன் அரிந்து கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. "தொரசாணி, கருவாட்டை மோந்தாவது பாக்கலாமா, இல்ல அதுக்கும் உத்தரவு வோணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கம்மா சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். அவள் கையில் அப்போது ஒரு ராணியின் கழுத்துக்குப் போகிற முத்து இருக்கும்; அது அவர்களுக்குத் தெரியும்.

1914இல் குணா பிறந்தாள். குழந்தையைப் பார்க்க சுயம்பு அந்தத் தெருவுக்கே வந்தார். கை விரலை விரித்துப் பார்த்து, "நீளமான விரல். அம்மாவைவிட நல்லா கெட்டும். என் கடையில இதுக்கு ஒரு நாற்காலி உண்டு" என்றார். அவர் சொன்னதைத் தெருவே கேட்டது. அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பிறந்த குழந்தையைப் பார்க்கிறவர்கள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். ஆனால் அங்கம்மா அன்றைக்கே குழந்தையின் கைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

அவள் தன் கைகளுக்குப் பன்னிரண்டு நிபந்தனை வைத்திருந்தால் மகளின் கைகளுக்கு இருபது வைத்தாள். குணா பாத்திரம் தேய்க்கவில்லை. துணி துவைக்கவில்லை. மணலில் விளையாடினால் அடி விழும். ஆறு வயதிலிருந்து தினமும் காலையில் வெள்ளைப் பாசிமணியில் முடிச்சுப் பழகினாள். பன்னிரண்டு வயதில் அவள் கட்டிய பாசி மாலையையும் அங்கம்மா கட்டியதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் வகுப்பில் தையலுக்குப் பரிசு வாங்கிய பெண்களின் விரல்களைக் கவனித்திருக்கிறேன். குணாவின் விரல்களில் இருந்த நிதானம் அவர்களுக்கு இல்லை.

"எப்போ கடைக்குப் போவே?" என்று கேட்பேன்.

"பதினெட்டு ஆவட்டும்னாராம். நாற்காலி கீதே, எங்க ஓடப் போவுது?" என்பாள்.

1929இல் மவுண்ட் ரோடு கடை திறந்தது. அதைச் செய்தவர் சுயம்புவின் மகன் லட்சுமணன். பம்பாயில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். திறப்பு விழாவுக்காக இங்கிலீஷில் ஒரு புத்தகம் அச்சடித்தார்கள், வழுவழுப்பான காகிதத்தில். அங்கம்மா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மாலைகளின் படம் இருந்த பக்கத்தை விரித்து, "இது மூணும் நான் கட்டினது. கீழ இன்னா எழுதிகீது?" என்று கேட்டாள்.

பாரிஸ் நகரத்து முறையில் முடிச்சிடப்பட்டவை என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

"பாரீஸ்னா நம்ப பாரீஸ் கார்னரா?"

"இல்லை அக்கா. அது பிரெஞ்சுக்காரங்க ஊர்."

"அந்த ஊர்லயும் வலைக்காரங்க இருப்பாங்க போல" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. தன் பெயர் வரவேண்டும் என்று அவள் நினைத்தவளே அல்ல. அவளுக்கு வேண்டியது ஒரு நாற்காலி.

அடுத்த வருஷம் சுயம்பு இறந்துபோனார். சாவுக்கு அங்கம்மா போனாள். தெருவோரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அதே சமயத்தில்தான் ஜப்பானிலிருந்து வளர்ப்பு முத்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சிப்பிக்குள் மணியைப் புகுத்தி வளர்க்கிறார்களாம். விலை மலிவு. பெட்டியிலேயே மாலையாகக் கோத்து, முடிச்சுப் போட்டே வந்தது. அங்கம்மாவுக்கு வாரம் நான்கு மாலை வந்தது போய் மாசம் இரண்டு என்றானது. அவளுக்கு அதன் காரணம் சரியாகத் தெரியவில்லை. "பெரியவரு போன துக்கம். யாரும் வாங்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டாள்.

குணாவுக்குப் பதினேழு வயதானபோது காத்திவாக்கத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் வந்து கலைந்திருந்தது. பையனின் அம்மா கெங்கம்மா, கூட இரண்டு பெண்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்த இறாலை ஓலைக்கூடையில் ஈரத்தோடு கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவதைப் பெண் அவர்கள் எதிரிலேயே சுத்தம் செய்து, அன்றைக்கே சமைத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் பக்கத்துப் பழக்கம். நானும் அங்கே இருந்தேன்.

அங்கம்மா, "நான் வேற ஆளை வெச்சு உரிக்கிறேன்" என்றாள்.

"ஆளா? ஆளையா கட்டிகினு போப்போறோம்? பொண்ணை உக்காரச் சொல்லு" என்றாள் கெங்கம்மா.

குணா உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் இறாலைத் தொட்டதில்லை. எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் தலையைப் பிடித்தாள். கொம்பு விரலில் இறங்கி ரத்தம் வந்தது. அவள் கையை உதறினாள். இறால் போய் கெங்கம்மாவின் மடியில் விழுந்தது.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கெங்கம்மா இறாலை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். "இன்னாடியம்மா இது? நாங்க பொண்ணைப் பாக்க வந்தோமா, எறாலு பொண்ணைப் பாக்க வந்துதா? கையைக் காட்டு பாப்போம். சீ, இது கையா? வேகவெச்ச பனங்கெழங்காட்டம் கீது. அங்கம்மா, உன் பொண்ணை வெச்சுகினு என் புள்ள கடலுக்குப் போறதா, இல்ல வூட்ல உக்காந்துகினு இதுக்கு சோப்பு போடறதா?"

அங்கம்மா எழுந்து நின்றாள். "எறாலு உரிக்கிறதுக்கு ஊரெல்லாம் ஆளு கீது. என் பொண்ணு மவுண்ட் ரோட்டுல நாற்காலி போட்டு உக்காரப் போறவ. நீ கூடையைத் தூக்கிகினு கெளம்பு."

"உக்காரட்டும். உக்காந்தப்பால ஆள் அனுப்பு. வந்து பாத்துட்டுப் போறேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கெங்கம்மா சொன்னது ஒரு வாரத்துக்குள் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் போயிற்று. அதற்குப் பிறகு குணாவைக் கேட்டு யாரும் வரவில்லை. அவளுக்கு மீன் அரியத் தெரியாது, கூடை சுமக்கத் தெரியாது, உப்புத் தண்ணீர் பட்டால் தோல் வெடிக்கிறது. மீனவர் தெருவில் அவளால் செய்யக்கூடிய வேலை ஒன்றுகூட இல்லை. இனி அந்த நாற்காலி கிடைத்தாக வேண்டும்.

1932இல் குணாவுக்குப் பதினெட்டு முடிந்த மறு வாரம் அங்கம்மா பின்வாசல் வழியாக மவுண்ட் ரோடு கடைக்குப் போனாள். லட்சுமணனைப் பார்க்க முடியவில்லை. ஒரு குமாஸ்தா, எதுவானாலும் கடிதம் எழுதிப் போடச் சொன்னான். "முதலாளி தமிழ்க் கடுதாசி பாக்கறதில்ல. இங்கிலீஷ்ல போடு" என்றும் சொல்லி அனுப்பினான்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். எனக்கு அப்போது படிப்பு முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கடிதத்துக்கு என்னுடையதைத்தான் மாதிரியாக எடுத்து வைப்பார்கள். எழுதுவதற்கு ஓர் உபயோகம் வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னான்னு எழுதணும் அக்கா?"

"முத்து அங்கம்மா பொண்ணு, பதினெட்டு ஆச்சு, பெரியவரு சொன்ன நாற்காலிக்கு வரட்டுமான்னு கேக்கறான்னு எழுது. போதும்."

"அப்பிடி எழுதினா விண்ணப்பம் ஆகாது. தகப்பன் பேரு, தொழில், இருப்பிடம் எல்லாம் இருக்கணும். பள்ளிக்கூடத்தில அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"அதெல்லாம் எதுக்கு? லட்சுமணனுக்கு என்னைத் தெரியும். சின்னப் புள்ளையில என் பக்கத்துல உக்காந்து முடிச்சு எண்ணினவன் அவன்."

"அவருக்குத் தெரியும். ஆனா கடிதம்னா முறை ஒண்ணு இருக்கு அக்கா."

அவள் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அவள் இருபது வருஷம் கேட்டு நடந்த, தெருப் பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை. அது எனக்கும் தெரியும்; என்னிடமே அவள் சொல்லியிருக்கிறாள். ஆனால் பேனாவைக் கையில் வைத்திருந்த எனக்கு அப்போது அது நினைவுக்கு வரவில்லை. "உனக்குத் தெரிஞ்சா சரி. படிச்ச பொண்ணு" என்றாள்.

மீனவர் தெருவில் வசிக்கும், கட்டுமரத்தில் மீன்பிடிக்கும் தேசப்பனின் மகள் குணசுந்தரி என்று நான் எழுதினேன். உங்கள் கடையின் முத்து மாலைகளை இருபது ஆண்டுகளாகக் கட்டிவரும் அங்கம்மாவின் ஒரே மகள் என்றும், தாய்க்கு இந்த முடிச்சு வலை பின்னும் தொழிலிலிருந்து வந்தது என்றும் எழுதினேன். பாரிஸ் என்று அச்சடித்ததற்கு அது என் பதில். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துத் தபாலில் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டைப் அடித்த கடிதம். கீழே மானேஜர் கையெழுத்து. லட்சுமணன் என் கடிதத்தைப் பார்த்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அங்கம்மா பிரிக்காமல் கொண்டுவந்தாள். குணா எங்கள் அம்மாவோடு சர்ச்சுக்குப் பக்கத்துக் கடைக்கு நூல் வாங்கப் போயிருந்தாள். "அவ வர்றதுக்குள்ள படி. நான் மொதல்ல கேட்டுக்கறேன்" என்றாள்.

முதல் பத்தியில், கடைக்கு வரும் முத்துக்கள் இப்போது கோத்தே வருவதால் அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை என்றிருந்தது. தமிழில் சொன்னேன். அங்கம்மா தலையை ஆட்டினாள். "சரி. நாற்காலின்னா கட்டறதுக்கு மட்டுமா? எடுத்துக் காட்டறதுக்கும் பொண்ணுங்களை வெச்சுகினு கீறாங்களே. மேல படி."

இரண்டாவது பத்தியை நான் மனசுக்குள் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"இன்னா?"

"அக்கா..."

"எழுதிகீறதைப் படி."

படித்தேன். கடைக்கு வரும் அம்மாக்களுக்கு நகை எடுத்துக் காட்டப் பெண்களை அமர்த்துவது உண்டு. ஆனால் விண்ணப்பதாரர் மேற்படி தெருவில் உள்ள மீன்பிடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று உங்கள் கடிதத்தின் மூலமாகவே அறிகிறோம். கழுத்தில் அணியும் பொருளை அப்படிப்பட்ட கையிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி எங்கள் வாடிக்கைக்காரர்களைக் கேட்க இயலாது. அதே காரணத்தால் அங்கம்மா என்பவர் தம்மிடம் உள்ள பட்டு நூலையும் கட்டி முடிக்காத மாலையையும் இந்த மாதத்துக்குள் பின்வாசலில் ஒப்படைக்கவும்.

இன்னொரு வரியும் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. கடிதம் நல்ல இங்கிலீஷில் இருப்பதாகவும், அதை எழுதியவர் ஒரு பெண்ணாக இருந்தால் அந்த வேலைக்கு நேரில் வந்து பார்க்கலாம் என்றும் மானேஜர் எழுதியிருந்தார். நான் போகவில்லை. போகாததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வரியை இவ்வளவு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

"உங்க கடுதாசின்னா, நாம எழுதினதா?" என்று அங்கம்மா கேட்டாள்.

"ஆமாம் அக்கா. நான் எழுதினது. மீனவர் தெருன்னு நான்தான் எழுதினேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தத் தெருவில் அவளைப் போல வாய் உள்ளவள் யாரும் இல்லை. அவள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, எந்த இடத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த வரியின் மேல் பெருவிரலை வைத்து ஓரம் வரைக்கும் நகர்த்தினாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாசக் கடைசியில் நூலையும் பாதி மாலையையும் ஒப்படைத்தாள். அடுத்த வாரம் நாத்தனாரிடமிருந்து கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்போது கல்மண்டபம் மார்க்கெட்டில் காரப்பொடி, கவலை என்று சின்ன மீன்களை விற்கிறாள். இருபது வருஷம் மீன் தொடாத கை; முதல் மாசம் முழுக்கத் துணி சுற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் இன்னும் அவளை மவுண்ட் ரோடு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். மவுண்ட் ரோட்டில் அந்தக் கடை இன்னொரு மாடி எழுப்பியிருக்கிறது.

அன்றைக்கு அவள் காகிதத்தை நான்காக மடித்து, மறுபடி பிரித்து என் கையில் கொடுத்தாள். தெருமுனையில் என் அம்மாவும் குணாவும் பேசிக்கொண்டு வருவது கேட்டது. அங்கம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாப்பா, குணாவுக்கு இத்த நீதான் படிச்சுக் காட்டணும். நான் சொன்னா நம்ப மாட்டா. காகிதத்தைப் பாத்துகினு நீ படிச்சா நம்புவா. ஆனா அந்தக் கை சமாச்சாரத்தைப் படிக்காதே. பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால சேத்துக்க முடியலைன்னு எழுதிகீது, அப்பிடின்னு படி. இங்கிலீஷுன்னா கத்துக்கலாமேன்னு நெனச்சுகினு இருப்பா. அப்பிடியே படிச்சுடு கண்ணு."